உதவி வேண்டாத பதினெட்டுப் பேர்

ஹாலைத் திறந்ததும் கிளெனிஸ் டாட்டர்சல் டீ பாய்லரைப் போடுவதில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலிகளில் உட்காரத் தொடங்குவார். ஒன்றில் உட்கார்வார், நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார், எழுந்து அதை ஒரு விரற்கடை நகர்த்துவார், மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார். இப்படிப் பதினெட்டு நாற்காலிகள், எல்லாம் சுவரை ஒட்டி. வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலியில் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டே டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே நடுவில் பெரிய வெற்றிடம். புதிதாக எட்டிப் பார்ப்பவர்கள், நடனம் ஏதோ ஏற்பாடாகியிருக்கிறது, பெண்கள்தான் வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஃப்ளீட்வுட் என்ற கடலோர ஊரின் மாதாகோவில் பின்பக்க ஹாலில் வெள்ளிதோறும் காலை பத்து மணிக்குக் கூடுகிற முன்னாள் படைவீரர் உதவிக் குழுவுக்கு அவர் தலைவியாகி ஒரு வருடம் ஆகிறது. அதற்கு முன் அங்கே டீ ஊற்றினார். அதற்கும் முன் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறினார். "பட்டாளத்த நான் டிவில பாத்ததோட சரி" என்பார். பழைய தலைவர், ஓய்வுபெற்ற ஒரு கர்னல், வெயில் காய ஸ்பெயினுக்குக் குடிபோய்விட, புதிய தலைவருக்குத் தேர்தல் நடந்தது. அந்த நேரம் கிளெனிஸ் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கையில் நுரையோடு வெளியே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். "யாருக்குப் பொறந்த நாள்?" என்று கேட்டார்.

தலைவியான முதல் மாதமே ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். உதவிக் குழுவில் உதவி தேவைப்படுகிறவர் ஒருவர்கூட இல்லை.

பாராசூட் படையில் சார்ஜண்டாக இருந்த ஆஸி பர்ட்விஸிலுக்கு எழுபத்து நான்கு வயது. "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன். அதோ அந்த வில்ஃபப் பாருங்க, பாவம். கப்பல்ல கரண்டி பிடிச்சவன். காது சுத்தமா அவுட்டு" என்பார்.

வில்ஃப் தன் பங்குக்கு, ஊர் முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில், "எனக்கு ஒண்ணும் வேணாம் கேப்டன். ஆஸியக் கவனிங்க. முட்டி ரெண்டும் போச்சு. அவன் படி ஏறினா மடக்மடக்னு சத்தம். எனக்கே கேக்குதுன்னா பாத்துக்கோங்க!" என்பார்.

கேப்டன் என்றது கிளெனிஸைத்தான். கடற்படைக்காரர்களுக்கு அவர் கேப்டன், தரைப்படைக்காரர்களுக்கு மேஜர். இரண்டில் எது உசத்தி என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கச் சண்டை நடந்தது. "தட்டக் காலி பண்ணுங்க கண்ணுங்களா, அப்புறம் எந்தச் சண்ட வேணா போடுங்க" என்று அவர் பேக்கன் ரொட்டியை நீட்டினார். கையில் ரொட்டியோடு கோபமாக இருப்பது சிரமம் என்பது பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது.

அங்கே கற்ற இன்னொன்றும் கைகொடுத்தது. முட்டைக்கோஸ் தின்னாத பையனைத் திட்டக் கூடாது. பக்கத்துப் பையன் தின்கிறானா என்று பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அப்படியே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று இன்னொருவரை ஒப்படைத்தார். டீன் என்று ஒருவன், முப்பத்தெட்டு வயது, ஆப்கானிஸ்தான் போருக்குப் போய்த் திரும்பியவன். நான்கு மாதமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவனிடம் வில்ஃபை ஒப்படைத்தார். தினம் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, மனிதர் எழுந்துவிட்டாரா என்று கேட்க வேண்டும். வில்ஃபின் காதோ கதவில்லாத சுவர். பேசாத டீன் ஏழு மணிக்குக் கத்த வேண்டியதாயிற்று. முதல் வாரம் வில்ஃபைத் தவிரத் தெருவே எழுந்தது.

வில்ஃப் ஆஸியின் மளிகைப் பையை மாடிக்குத் தூக்கிப் போனார். ஆஸி டீனோடு கடற்கரைப் பாலத்தில் மீன் பிடிக்க உட்கார்ந்தார். "பையன் தனியாக் கெடக்கக் கூடாது பாருங்க" என்பது ஆஸியின் கணக்கு. "தனியா விட்டா அந்தாளு தண்ணியில விழுந்துருவாரு" என்பது டீனின் கணக்கு.

பிப்ரவரியில் கிளெனிஸின் கணவர் லென் இறந்தார். அடக்கம் வியாழக்கிழமை. மறுநாள் ஒன்பதரைக்கு அவர் நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்று அவரவர் கோப்பையைக் கழுவி வைத்தார்கள். அவர்கள் போன பிறகு கிளெனிஸ் அத்தனையையும் மறுபடி கழுவினார்.

வருடம் முடிந்ததும் படிவம் வந்தது. ஹாலை இலவசமாகத் தருகிற அறக்கட்டளை கேட்டிருந்தது: தொண்டர்கள் எத்தனை, பயன்பெற்றோர் எத்தனை? பயன்பெற்றோர் பதினைந்துக்குக் குறைந்தால் வெள்ளிக்கிழமை காலை யோகா வகுப்புக்குப் போகும். யோகா ஆசிரியை முன்கூட்டியே வந்து தரையை அளந்துவிட்டும் போயிருந்தாள். கிளெனிஸ் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பதினெட்டுப் பேரும் 'தொண்டர்' என்ற கட்டத்தில் அழுத்தமாகக் குறியிட்டார்கள். அவர் இருப்பதை இருப்பதாகவே எழுதியனுப்பினார்: தொண்டர்கள் பதினெட்டு, பயன்பெற்றோர் பூஜ்யம்.

அடுத்த வெள்ளிக்கிழமையே அறக்கட்டளையிலிருந்து மிஸ் ஃபென்விக் என்ற இளம்பெண் வந்துவிட்டாள். நடுவெற்றிடத்தில் நின்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்காவது முதுகைக் காட்ட வேண்டியிருந்ததால் மெல்லச் சுழன்றுகொண்டே பேசினாள்.

"முதல்ல தலைவி இந்த ஒரு வருஷத்தப் பத்திக் கொஞ்சம் சொல்லலாமே."

கிளெனிஸ் எழுந்தார். "ஒரு வருஷம் ஆச்சு. யாரும் யாரையும் அடிக்கல." உட்கார்ந்தார்.

பலத்த கைதட்டல்.

"அது சரிங்க. ஆனா பயன்பெற்றோர் பூஜ்யம்னு இருக்கே. அப்ப இந்தக் குழு எதுக்கு? சரி, இங்க உதவி வாங்கினவங்க யாரோ, கொஞ்சம் கை தூக்குங்க."

ஒரு கைகூட அசையவில்லை. பதினெட்டுப் பேரும் பதினெட்டுக் கோப்பைகளுக்குள் பார்த்தார்கள். கிளெனிஸின் கழுத்து சிவந்தது. ஒரு வார்த்தை போதும்: 'வில்ஃப், தூக்குங்க' என்றால் தூக்குவார். தூக்கினால் அடுத்த வெள்ளிக்கிழமை வர மாட்டார். அதற்கடுத்த வாரம் ஆஸியும் வர மாட்டார்.

"நான் யாரையும் தூக்கச் சொல்ல மாட்டேன் மிஸ்" என்றார். "ஹால யோகாவுக்கே குடுத்துருங்க."

"இதென்ன அநியாயம்!" என்று எழுந்தார் ஆஸி. முட்டிகள் வெடித்தன. பக்கத்திலிருந்த டீனின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். "இவன எழுதிக்கோங்க. நான் கூட்டிட்டுப் போகலன்னா மீன்கூட இவன் மூஞ்சியப் பாக்காது."

"விடுங்க சார்ஜண்ட்!" என்ற டீன், அகப்பட்ட கையை விடுவிக்கும் வழி தெரியாமல் மறு கையால் வில்ஃபின் கையைத் தூக்கினான். "அப்ப இவர எழுதுங்க. நான் கத்தலன்னா மத்தியானம் வரைக்கும் தூக்கம்தான்."

"என்ன இது, ஏலமா?" என்றார் வில்ஃப். சுற்றிப் பார்த்தார். புரிந்ததும் நேரே போய் ஆஸியின் கையைப் பிடித்தார். "இந்தாள மொதல்ல எழுதுங்கம்மா!"

பிறகு சுவரோரம் தீப்பற்றிய மாதிரி பரவியது. அவனவன் பக்கத்திலிருப்பவனின் கையைத் தூக்கினான்; தூக்கப்பட்டவன் திமிறிக்கொண்டே அடுத்தவனைத் தூக்கினான். "எனக்கில்ல, இவனுக்கு!" "போடா, நீதான்!" இரண்டு கோப்பைகள் உடைந்தன. மிஸ் ஃபென்விக் சுழன்று சுழன்று எண்ணினாள்.

"பதினெட்டு. ஆனா தொண்டரும் பதினெட்டுன்னு போட்டிருக்கே?"

"ஆளுக்கு ரெண்டு கை இருக்கே மிஸ்" என்றார் ஆஸி, மூச்சு வாங்க.

அவள் சிரித்துவிட்டு எழுதினாள். யோகா சனிக்கிழமைக்குப் போயிற்று.

எல்லோரும் கலைந்த பிறகு படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மிச்சமிருந்தது. தலைவி தன் கையால் செய்த உதவி ஏதாவது உண்டா என்று மிஸ் ஃபென்விக் கேட்டாள்.

கிளெனிஸ் உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "டிராம் துணைன்னு போட்டுக்கோங்க. நான் வீட்டுக்குக் கிளீவ்லிஸ் போகணும், டிராம்ல இருபது நிமிஷம். இந்தப் பிப்ரவரிலேர்ந்து வெள்ளிக்கிழமையானா எவனாவது ஒருத்தன் கூடவே வந்து ஏறுவான். அக்கா வீடும்பான், பல் டாக்டர்ம்பான், அங்கதான் நல்ல கேக்கும்பான். எல்லாம் புளுகு. ஒருத்தனுக்கும் தனியா இருக்கத் தைரியம் இல்ல, பாவம். நானும் கண்டுக்காம பேச்சுக் கொடுத்துக்கிட்டே போவேன்."

அன்று டீன் நிறுத்தத்தில் நின்றிருந்தான். "அந்தப் பக்கம் ஒரு வேல" என்றான். கிளெனிஸ் அவனுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்து, அவன் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டு, "இருபதே நிமிஷம் கண்ணு" என்றார்.

எந்த வெள்ளிக்கிழமை யார் டிராமில் போவது என்று பிப்ரவரி முதலே ஆஸி எழுதிய முறைப்பட்டியல் ஒன்று, ஹாலில் கிளெனிஸ் எட்டிப் பார்க்காத ஒரே இடமான ஆண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.