பத்துக் கிலோ மூட்டையும் ஒரு ‘டிக்’கும்

“அண்ணே, உங்க வேன் டயரக் கொஞ்சம் குடுங்க” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நளினி குந்தி உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். சுங்கைப் பட்டாணியின் பழஞ்சாமான் சந்தை. கடைக்காரர் அம்மாசியின் வேன் சக்கர நட்டில், அவர் விற்க வைத்திருந்த ஸ்பானரைப் பூட்டி, கைப்பிடியைப் படுக்கையாக நிறுத்தினாள். நட்டிலிருந்து நாற்பது சென்டிமீட்டரில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினாள். அந்த இடத்தில், துணிப்பட்டை போட்டு, பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டாள்.

அது சாதாரண ஸ்பானர் அல்ல. எவ்வளவு இறுக்கம் வேண்டுமென்று அளவு வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் முறுக்கு ஸ்பானர். அளவை நாற்பது நியூட்டன் மீட்டரில் வைத்தால் மூட்டையின் பாரத்துக்கு அது ‘டிக்’ என வேண்டும். நாற்பத்தைந்தில் வைத்தால் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டிலும் தேறியதற்குத்தான் நளினி விலை கேட்பாள். தேறாததை, “பொய் பேசுது” என்று திருப்பி வைத்துவிடுவாள். கேட்ட விலையை அவள் இதுவரை ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

நளினிக்கு வயது நாற்பத்தேழு. பாக்கார் ஆராங்கில் வரிசை வீடு; தொழில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. வாடிக்கை பதினொரு பிள்ளைகள். வேனின் எஞ்சினைப் பள்ளி விடுமுறைகளில் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே பிரித்துக் கட்டுகிறாள். இது மூன்றாவது முறை. கருவிகளை அவள் சேர்த்த விதம் தனிக் கதை. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்சாலை கழித்துக்கட்டிய சாமான்களில் மைக்ரோமீட்டர் கிடைத்தது. கோலா கெடாவுக்கு நண்டு வாங்கப் போனவள், படகு மெக்கானிக் ஒருவரிடமிருந்து பிஸ்டன் வளையங்களை அமுக்கிப் பிடிக்கும் பட்டையோடு திரும்பினாள். நண்டை மறந்துவிட்டாள்.

கடைகளில் பளபளக்கும் நூற்றிருபது உருப்படிப் பெட்டியை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. “பொட்டி நல்லாத்தான் இருக்கு, நகை வைக்கலாம்” என்பாள். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று: “அடிக்கிறது மூராவா இருக்கலாம்லா. அளக்கிறது மூராவா இருக்கக் கூடாது.” மூரா என்றால் மலிவு. அவளிடமுள்ள சுத்தியல் ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து ரிங்கிட்டுக்கு, வாங்கியதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை அவளுடைய பழைய முறுக்கு ஸ்பானரின் ஸ்பிரிங் உடைந்துபோனது. எஞ்சின் வேனுக்குள் ஏறிவிட்டது. தலைப்பகுதியின் பத்து போல்ட்டுகள்தான் பாக்கி. ஏற்றத்தாழ்வாக இறுக்கினால், அவள் வாக்கில், “தண்ணியும் எண்ணெயும் சம்பந்தி ஆயிரும்.” பட்டறைக்காரர்கள் இந்த ஸ்பானரையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் இரவல் தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறப்பு; கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வேன் வராவிட்டால் பதினொரு வீடுகளும் வேறு வேனைத் தேடும். தேடிப் போனவர்கள் திரும்புவதில்லை.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவள் முதல் ஆளாக அம்மாசியின் கடைக்கு வந்தாள். இருந்தது ஒரே ஒரு ஸ்பானர்: பழைய ஜப்பான் சரக்கு, துருவில்லாதது. அளவை நாற்பதில் வைத்தாள். மூட்டை தொங்கியது. சத்தமே இல்லை. மறுபடி வைத்தாள். இல்லை.

“இதுவும் பொய் பேசுதுண்ணே.”

“பொய்யா? கப்பல் பட்டறையில இருந்து வந்த சாமான், தங்கச்சி! ஒன் மூட்டைய மொதல்ல நிறுத்துப் பாரு.”

“எம் மூட்டையவா? ஏழு வருசமா பத்துக் கிலோ அரிசி மூட்டதாண்ணே எனக்குப் படிக்கல்லு!”

“படிக்கல்லுன்னா பயம் எதுக்கு? பக்கத்துலயே தராசு இருக்கு.”

பக்கத்துக் காய்கறிக் கடையில் நான்கு பேர் கத்தரிக்காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள். நளினி மூட்டையைத் தூக்கிப்போய்த் தராசில் பொத்தென்று வைத்தாள். முள் எட்டுக் கிலோ எழுநூறில் நின்றது. ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை.

கைப்பேசியை எடுத்தாள். மறுமுனையில் கணவன் சசிதரன்.

“என்னங்க, கராஜ் மூலையில இருந்த அரிசியத் தொட்டீங்களா?”

“வியாழக்கிழமை வீட்டு அரிசி முடிஞ்சிருச்சில்ல? அது சும்மாத்தானே உக்காந்திருந்துச்சு.”

“சும்மாவா? அது வேலையில இருக்குங்க!”

“நல்ல அரிசிதான். நீயுந்தான் ரெண்டு தட்டு சாப்புட்ட.”

தராசைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாசி சிரிப்பை அடக்கப் பார்த்து, தோற்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நளினி காய்கறிக் கடைக்காரரிடம் காசை நீட்டிவிட்டு, வெங்காயத்தை அள்ளி மூட்டைக்குள் போட்டாள், முள் பத்தைத் தொடும்வரை. சரியாக ஒன்றேகால் கிலோவுக்கு மேல் ஐம்பது கிராம். திரும்பி வந்து, நூலில் மூட்டையைத் தொங்கவிட்டாள்.

டிக்.

நாற்பத்தைந்துக்குத் திருப்பினாள். மௌனம்.

“ஸ்பானர் மேல தப்பு இல்லண்ணே. எங்க வீட்டுச் சோத்துப் பானை மேலதான்” என்றாள், காய்கறிக் கடைவரை கேட்கும்படி. பிறகு விலை கேட்டாள். அம்மாசி, பேரத்துக்கு இடம் விட்டு, எண்பது வெள்ளி என்றார். எண்பதை எடுத்துக் கொடுத்தாள். அவர் திகைத்துப்போய்ப் பத்து வெள்ளியைத் திருப்பி நீட்டினார், அவள் வாங்கவில்லை.

பத்து போல்ட்டுகளும் நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, முப்பது முறை ‘டிக்’ சொன்னபோது மதியம் பன்னிரண்டரை. மீதி வேலையெல்லாம் முடிந்து, மாலை ஆறு நாற்பதுக்குச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. சசிதரன் வாசலில் நின்று கைதட்டினான். அவள் பார்வை அவன் கைகளைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் போய்வந்தது.

ஞாயிறு விடியலில் முதல் பிள்ளையை ஏற்றக் கிளம்பியவள், வேனை ஓடவிட்டபடியே இறங்கி உள்ளே போனாள். வெங்காயத்தை எடுத்துவிட்டு, புது அரிசி நிரப்பி, வாயைச் சணல் நூலால் தைத்த மூட்டையோடு வந்தாள். அதை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்த்திவைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.