சிமெண்ட் ஷீட் கூரையும் ஒரு பொம்மை ஹெலிகாப்டரும்

பறக்கிற பொருளோடு பழகுகிற தொழிலில் பாதி நேரம் குனிந்து தேடுவதிலேயே போய்விடும். ஒரு சாமானைப் பிரித்து மறுபடி மாட்டிய பிறகு திருகாணி ஒன்று மிச்சமாகி, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முழித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் நீங்கள் நம்ம ஆள். மேற்கொண்டு படிக்கலாம்.

கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் எனக்கு நிரந்தர நைட் ஷிப்ட். மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கெட்டுப்போனதைத் திறந்து பார்த்துத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஊரே வேலைக்குக் கிளம்பும்போது நான் வீட்டுக்குத் திரும்புவேன். பகலில் தூக்கம் ஒழுங்காக வராது. பேசலாம் என்றால் ஆளும் இருக்காது. அப்படிப்பட்டவனுடைய கை எதையாவது நோண்டத்தானே செய்யும்?

கல்யாணத்துக்குக் கல்யாணம் ட்ரோன் விடுகிற பழக்கம் எங்கள் பக்கம் வருவதற்கு முந்தின கதை இது. என் தங்கை செண்பகமும் அவள் புருஷன் மாரியப்பனும் ஒரே தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவள் பெட்டியில் குச்சி அடைக்கிறவள். அவன் இன்ன வேலை என்று இல்லாமல் எல்லாம் செய்கிறவன். மழைக்கு முன்னால் சிமெண்ட் ஷீட் கூரையில் ஏறி ஒழுகல் பார்ப்பதும் அவன் பொறுப்பு. மேலே ஒரு ஆள் நடந்து நடந்து வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும். கீழே ஒரு ஆள் அண்ணாந்து நின்று, "இங்கன சொட்டுது" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஷீட் உடைந்து மாரியப்பன் உள்ளே விழுந்தான். பெட்டி மூட்டைகள் மேல் விழுந்ததால் மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று. அன்றைக்குக் கீழே அண்ணாந்து நின்றது செண்பகம்.

"அடுத்த மழைக்குள்ள, ஏறாமலே கூரையப் பாக்க ஒரு வழி பண்ணுதேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பொம்மைக் கடையில் வாங்கிய ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றும், பேனாவுக்குள் ஒளித்து வைத்து விற்கிறார்களே, அந்தக் குட்டிக் கேமரா ஒன்றும் வீட்டில் கிடந்தன. அந்தத் தைரியத்தில் சொன்னது.

எடைக்கு எடை

பேனாவை உடைத்துக் கேமராவை வெளியே எடுத்தேன். புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. அதற்கொரு பேட்டரி, ஒரு கார்டு. ஹெலிகாப்டர் இதைத் தூக்குமா என்பது சந்தேகம். இருப்பதோ ஒரே கேமரா. அதனால் முதலில் அதே எடையில் வேறு எதையாவது கட்டிப் பார்க்கலாம் என்று தெருமுனைக் கடைக்குப் போனேன். ஒரு கையில் கேமராவும் மறு கையில் கடலைமிட்டாயுமாகத் தூக்கிப் பார்த்து, ஒத்து வந்த துண்டை ஹெலிகாப்டரின் மூக்குக்குக் கீழே நூலால் கட்டினேன். எழும்பியது. எழும்பின வேகத்தில் குப்புறச் சாய்ந்து கடைப் படியில் மோதி, மிட்டாய் தூளாகிவிட்டது. மூக்கில் பாரம் கூடினால் முன்னால் பாயும். பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால்தான் சமனாகும். இது புரிவதற்குள் நாலைந்து துண்டுகள் எறும்புக்குப் போய்விட்டன.

மறுபடியும் நான் டப்பாவுக்குள் கையை விட்டபோது கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுங்க. திங்கவா, பறக்கவா? திங்கன்னா புதுசு தாரேன். பறக்கன்னா நமத்துப் போனது உள்ள கெடக்கு."

உச்சந்தலைகள்

கேமராவை மாட்டியாகிவிட்டது. எடுத்த படம்தான் பார்க்கிற மாதிரி இல்லை. விசிறி சுற்றுகிற அதிர்வில் ஊரே காய்ச்சல் கண்டு நடுங்கியது. பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கேமராவுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில் வைத்து ஒட்டினேன். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. இன்னொரு தொல்லையும் உண்டு. பறக்கும்போது என்ன படமாகிறது என்று நமக்குத் தெரியாது. இறக்கி, கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டரில் போட்டால்தான் தெரியும். ஆகவே கூரைக்குக் கொண்டுபோகும் முன் நன்றாகப் பழக வேண்டியிருந்தது.

ஸ்டூடியோ வைத்திருக்கிற பாலு என் சிநேகிதன். புதூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு வீடியோ எடுக்கப் போனவன் என்னையும் கூட்டிப் போனான். பந்தலுக்கு மேலே நான் விட்ட ரவுண்டைப் பார்த்துச் சாப்பாட்டுப் பந்தியே எழுந்து வந்துவிட்டது. பெருமைதான். படத்தைப் போட்டுப் பார்த்தால் முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உச்சந்தலை. பிள்ளையின் தாய்மாமன் எது, சமையல்காரர் எது என்று சொல்ல முடியாது. விசேஷ வீட்டு அம்மா என்ன சொல்லப் போகிறார்களோ என்று நானும் பாலுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "எங்க அத்தான் வழுக்க மட்டும் நல்லாத் தெளிவா விழுந்திருக்கு. விசேசத்துக்கு அவிய வரவேயில்லன்னு இனிமே ஒருத்தி சொல்லட்டும், பாப்போம்."

வெடிப்பு

ஊருக்குள் பழகினால் கரண்டுக் கம்பி, மாடி, மரம் என்று ஏகப்பட்ட இடைஞ்சல். எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் அறுப்பு முடிந்த புஞ்சைகள் வெட்டவெளியாகக் கிடக்கும். அங்கே போனேன். கோடையில் கரிசல் எப்படிப் பிளந்து கிடக்கும் என்பதை நான் ஊன்றி யோசித்திருக்கவில்லை. ஹெலிகாப்டர் என்னவோ அழகாக இறங்கியது. இறங்கின இடம் வெடிப்பு. கையை விட்டால் முழங்கை வரை போகிறது, அதற்குக் கீழே இன்னும் பள்ளம். மண்ணைத் தோண்டினால் சரிந்து மூடிவிடும் போலிருந்தது. மண்ணில் படுத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி வந்து நின்றாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. கையிலிருந்த தொரட்டிக் கம்பை உள்ளே விட்டு, கருவேலங் காய் பறிக்கிற மாதிரி ஒரு திருகு திருகி, ஹெலிகாப்டரை வெளியே எடுத்துவிட்டாள். கேமராவும் அதோடுதான் இருந்தது. நான் கும்பிடாத குறை. அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "இதுக்கு ஒரு மணி கெட்டி விடக் கூடாதா? ஆட்டுக்கெல்லாம் கெட்டுதோம்லா."

ஆடிக் காற்று

ஆடி மாதம் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றில் காயப்போட்ட போர்வையே அடுத்த தெருவுக்குப் போய்விடும். பொம்மை எம்மாத்திரம்? வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே பறக்கவிட்டுப் பழகினேன். ஆவணி போனது, புரட்டாசி வந்தது. மேற்கே சாயங்காலங்களில் கறுத்துக்கொண்டு வர ஆரம்பித்தது. கூரையை எப்போது பார்க்கப் போகிறாய் என்று முதலாளி மாரியப்பனிடம் கேட்டுவிட்டார். செண்பகம் என் வீட்டுக்கு வருவாள், மேஜைமேல் பிரிந்து கிடக்கிற ஹெலிகாப்டரைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் போவாள். திட்டிவிட்டுப் போனாலும் தேவலை என்றிருக்கும்.

மாரியப்பனுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஆணி வரிசையில் கால் வைத்து நடந்தால் ஷீட் உடையாது என்பது அவன் கணக்கு. ஆணிக்கு அடியில் சட்டம் இருக்கிறதல்லவா? போன வருஷம் கால் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதாம், அவ்வளவுதானாம். கட்டிலுக்கு மேல் நான் ஹெலிகாப்டரை நிறுத்திக் காட்டியபோது, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "மச்சான், உங்க தும்பி எந்திரிச்சு, படம் பிடிச்சு, அதை நீங்க கம்ப்யூட்டர்ல போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் ஏறி எறங்கி டீயும் குடிச்சிருவேன்."

வாசலில் ஒரு பரிசோதனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் லீவு. முதலாளியிடம் மாரியப்பனே சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தான். அட்டைப்பெட்டியில் ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தீப்பெட்டி ஆபீசுக்குள் பீடி, லைட்டர், செல்போன் எதுவும் போகக் கூடாது. உள்ளே தீக்குச்சி மருந்து கிடக்கிறது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் மாதக்கணக்காக அந்தப் பொம்மையோடேயே கிடந்ததில், அதுவும் பேட்டரியில்தான் ஓடுகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

வாட்ச்மேன் பெட்டியைத் திறந்தார். மோந்து பார்த்தார். பேட்டரியை நோகாமல் கழற்றி, பறிமுதல் செய்த பீடிக்கட்டுகளோடு ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டு, மிச்சத்தை என் கையில் கொடுத்தார். "உள்ள கொண்டு போங்க அண்ணாச்சி, தாராளமாப் பறக்க விடுங்க. பேட்டரி மட்டும் இங்கனயே இருக்கட்டும்."

கூரை

வேறு வழியில்லை. பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மதிலுக்கு வெளியே, காலி மனையில் நின்று விடுவது என்று முடிவாயிற்று. இரண்டு ஷெட்டுகள் ஒட்டினாற்போல இருக்கும். அவற்றின் சரிவுகள் சேருகிற இடத்தில் தண்ணீர் வடிவதற்கு ஒரு தகரக் கால்வாய். அது வந்து முடிகிற பக்கம்தான் அந்த மனை. மாரியப்பன் ஏணியோடு வந்திருந்தான். செண்பகமும், ஸ்கூட்டரில் பாலுவும் வந்திருந்தார்கள். நான் விசிறியைச் சுற்றவிடப் போகும்போது செண்பகம் கேட்டாள்:

"அண்ணே, இது கூரையில விழுந்துட்டா எடுக்க யாரு ஏறுவா?"

மாரியப்பன் சிரித்தான். இத்தனை மாதம் எடை பார்த்தேன், அதிர்வு பார்த்தேன், காற்றுப் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. பாலுவின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போய் மெல்லிசான தூண்டில் நரம்பு ஒரு சுருள் வாங்கி வந்து, ஹெலிகாப்டரின் காலில் ஒரு நுனியைக் கட்டினேன். மறு நுனியைச் செண்பகம் விரலில் சுற்றிக்கொண்டாள்.

முதல் ரவுண்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவது ரவுண்டில் நரம்பின் பாரமோ, பேட்டரி இறங்கிவிட்டதோ, சத்தம் கம்மி, கூரையின் முகட்டுக்குப் பக்கத்தில் போய் டப்பென்று விழுந்தது. நான் ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன், அசைவில்லை. திரும்பிப் பார்த்தால் மாரியப்பன் கைலியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஏணியின் முதல் படியில் நிற்கிறான்.

"நில்லுங்க" என்றாள் செண்பகம். அவனைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. கண் கூரையில் இருந்தது. நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். மேலே ஏதோ உரசுகிற சத்தம். நிற்கும், விட்டு இழுப்பாள், மறுபடி உரசும். சரிவில் இறங்கி, தகரக் கால்வாயில் தொப்பென்று விழுந்து, அதன் வழியே இழுபட்டு, விளிம்பிலிருந்து அவள் காலடியில் வந்து விழுந்தது. விசிறி ஒடிந்திருந்தது. கேமராவின் குட்டி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது; அது இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். பறந்தபோது எடுத்ததில் ஒன்றுமில்லை. ஆகாயம், கண் கூசும் வெயில், சாம்பல் நிறத்தில் ஒரு நடுக்கம். அப்புறம் அது விழுந்தது; இழுபட ஆரம்பித்தது. கூரை ஒரு சாண் தூரத்தில் பளிச்சென்று வந்தது. ஆணி, அதற்கடுத்த ஆணி, அந்த வரிசையை அப்படியே குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிற கறுப்புக் கோடு. பக்கத்து ஷீட்டிலும் அதே கோடு. மாரியப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். தான் கால் வைக்கிற ஆணியை அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் திரையில் அவன் விரல் தடம் விழுந்தது. பிறகு கால்வாய் வந்தது. வேப்பஞ்சருகு மக்கி அடைத்து, அதில் ஒரு கன்று முளைத்து நின்றது.

தண்ணீர் வடிய வழியில்லாமல் பொங்கி உள்ளே இறங்கியதுதான் வருஷா வருஷம் பெட்டிகளை நனைத்த பெரிய ஒழுகல். மறுநாள் மாரியப்பன் வெளிப்பக்கம் ஏணியைச் சாத்தி, அதிலிருந்தபடியே நீளக் கம்பால் சருகை வாரித் தள்ளினான். கூரையில் கால் வைக்கவில்லை. முதலாளி படத்தை ஒருதரம் பார்த்தார். சட்டத்துக்கு அடியில் சாரம் கட்டி, கீறல் விட்ட ஷீட்டுகளை உள்ளேயிருந்தே மாற்ற ஆள் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் நல்ல மழை. வேலை முடிந்து மாரியப்பனும் செண்பகமும் நனைந்துகொண்டே என் வீட்டுக்கு வந்தார்கள். தலையைத் துவட்டிக்கொண்டு அவன், "மச்சான், ஒரு சொட்டு எறங்கல. எனக்குத்தான் வேல போன மாதிரி ஒரு மாதிரியா இருக்கு. தை மாசம் வெயிலடிச்சா சும்மா ஒருதரம் ஏறி, மாத்துன ஷீட்டு எப்படி நிக்குன்னு பாக்கணும்" என்றான்.

செண்பகம் டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணே, அந்தப் படத்த மட்டும் அழிச்சிராத. இவியளுக்கு அப்பப்ப வீரம் வரும், போட்டுக் காட்டணும்."

ஒரு ஆள் தரையிலேயே நிற்பதற்காக இன்னொரு ஆள் மாதக்கணக்கில் ஒரு பொம்மையைப் பறக்கவைக்கப் பாடுபட்டான், கடைசியில் அது கூரையில் இழுபட்டபோதுதான் உருப்படியாக வேலை செய்தது என்பதே எங்கள் ஊர் விமான சேவையின் மொத்த வரலாறு.