கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும்

என் அக்கா டிராக்டர் ஓட்டுவாள். கணியூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனவள், கல்யாணமான மறு வருஷமே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். உழுவதும் அவள்தான், தேங்காய் லோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவள்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் பெரிய மகாராணி என்ற நினைப்பு. யாராவது குறுக்கே வந்தால் ஹாரன் அடித்தே விரட்டுவாள். அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் போனில் அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நடந்தது இதுதான். தோப்பிலிருந்து ரோட்டுக்கு வர ஒரு வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். இறங்கும் பக்கம் நல்ல சரிவு. டிரெய்லர் நிறையத் தேங்காயோடு அதில் இறங்கும்போது, எதிரே ஆடு வருகிறதென்று அக்கா பிரேக்கை மிதித்திருக்கிறாள். டிராக்டர் நிற்கப் பார்த்தது. பின்னால் வந்த டிரெய்லர் நிற்கவில்லை. அதற்குப் பிரேக்கே கிடையாது. மொத்தப் பாரத்தோடு டிராக்டரை முட்டித் தள்ளி, பாதி திருப்பி, வாய்க்கால் கரை மண்ணில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆட்டுக்கும் ஒன்றுமில்லை. தேங்காய்கள் மட்டும் வாய்க்காலில் விழுந்து மிதந்து போய்விட்டன.

ஆனால் அக்கா வீட்டுக்காரர், என் மாமா, மிரண்டுபோய்விட்டார். இனிமேல் நீ டிராக்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லி, பக்கத்து ஊரிலிருந்து ஒரு டிரைவரையும் பேசி முடித்துவிட்டார். அடுத்த முறை தேங்காய் போடும்போது அந்த ஆள் வந்துவிடுவார்.

"ஓட்டத் தெரியாம உட்டுப்போட்டேன்னு ஊரே பேசுது புள்ள," என்று விசும்பினாள் அக்கா. "வண்டி பொறகால இருந்து தள்ளுனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. பாதி மாமாமேல், பாதி அந்தப் பிரேக் இல்லாத டிரெய்லர்மேல். "டிரெய்லர இங்க அனுப்பு. நான் பிரேக் வெச்சுத் தர்றேன்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது.

நான் மெக்கானிக்கல் படித்தவள். திருப்பூர் பக்கம் முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறேன். பனியன் கம்பெனிகளுக்குத் துணி ரோல் ஏற்றித் தள்ளும் டிராலிகள் செய்கிறோம். என் டிராலியில் பிரேக் என்றால் சக்கரத்துக்கு மேல் காலால் மிதிக்கும் ஒரு தகடு, அவ்வளவுதான். அந்த லட்சணத்தில் டன் கணக்கில் பாரம் ஏற்றும் டிரெய்லரை நிறுத்தப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்!

சாயங்காலம் மாமாவே கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீ பண்ணு கண்ணு, நான் வேண்டாங்கல. ஆனா அதே மேட்டுல, அதே லோடோட, என்ற கண்ணு முன்னால வண்டி நிக்கோணும். நின்னா அவளே ஓட்டட்டும். நிக்கலைன்னா இந்தப் பேச்ச உங்க அக்கா மறுக்கா எடுக்கக் கூடாது."

டிரெய்லர் வந்து இறங்கியது. டிராக்டரின் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையமும், அதிலிருந்து டிரெய்லர் வரைக்கும் வரும் இழுவைத் தண்டும்தான் இரண்டு வண்டிகளுக்கும் உள்ள ஒரே உறவு. பட்டறையில் அந்தத் தண்டை டிராபார் என்போம். நான் அதன்முன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்க முறைத்தேன். டிராக்டர் பெடலிலிருந்து கேபிள் இழுக்கலாம். ஆனால் டிரெய்லரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கேபிளையும் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் யாராவது மாட்ட மறந்தால் அவ்வளவுதான்.

விடை டவுன் பஸ்ஸில் கிடைத்தது. பல்லடம் போய்விட்டு நின்றுகொண்டே திரும்பி வந்தேன். டிரைவர் சடாரென்று பிரேக் போட, நான் முன்னால் நின்ற அம்மாமேல் போய் மோதினேன். "ஏனுங்க, கம்பியப் புடிச்சு நிக்க மாட்டீங்களா?" என்று அவர் கடிந்துகொண்டார். எனக்கோ வாயெல்லாம் பல். முன்னால் இருப்பது நின்றால் பின்னால் இருப்பது மோதும். மோதட்டுமே! அந்த மோதுகிற பலத்தையே எடுத்து டிரெய்லர் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்க வைத்தால்? எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறதோ, அவ்வளவு இறுக்கமாகத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். இது உலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடுதான், கல்லூரியில் படித்தும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நானே கண்டுபிடித்த மாதிரி தலைகால் புரியவில்லை. அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னேன். அவர் பையை இறுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

அன்றிரவே வரைய உட்கார்ந்துவிட்டேன். டிராபாரை இரண்டு துண்டாக்கினேன். முன்துண்டு பின்துண்டுக்குள் வழுக்கிப் போகும். டிராக்டர் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் வரும், முன்துண்டு உள்ளே அமுங்கும், ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது நீளமான ஒரு ராடை இழுக்கும். ராடு இரண்டு சக்கரத்தின் பிரேக்கையும் சமமாக இழுக்கும். பின்னால் எடுக்கும்போது வண்டி பிரேக் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, முன்துண்டை நகரவிடாமல் நிறுத்த ஒரு பின்னும் வைத்தேன். ரிவர்ஸ் எடுக்கையில் செருக வேண்டும், முடிந்ததும் உருவிவிட வேண்டும்.

முக்கியமான சமாச்சாரம் ராடு சேரும் இடத்தில் இருந்தது. அங்கே ராடு கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். ரோட்டுக் குழியில் விழுந்து எழும் சின்னச் சின்ன உதறலுக்கெல்லாம் பிரேக் பிடிக்கக் கூடாது அல்லவா? அதற்காக அந்த இடத்தில் ஆட்டம் வேண்டும் என்பதற்கு 'ப்ளே' என்று எழுதி, யாரும் தவறவிடக் கூடாதென்று சிவப்புப் பேனாவால் பெரிய வட்டமும் போட்டேன்.

அந்த வட்டம்தான் வினையாகப் போயிற்று.

என் பட்டறை ஃபிட்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னிடம் வருமுன் வெகு காலம் நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். வேலையில் படு சுத்தம். நிட்டிங்கில் ஒரு ஊசி, ஒரு ஸ்க்ரூ லேசாக ஆடினால் போதும், துணி நெடுகக் கோடு விழுந்துவிடும். அதனால் ஆட்டம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. பட்டறைக் கதவு கடகடவென்று ஆடினால்கூட ஸ்பானரோடு போய்விடுவார். டிரெய்லர் வேலையை அவர் ஆசையாகச் செய்தார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையிலேயே வந்து வெல்டிங்கைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

சோதனை ஓட்டத்துக்கு அக்காவே டிராக்டரில் வந்தாள். மாமா பைக்கில் பின்னாலேயே வந்தார். எஸ்டேட்டுக்குள் காலியாக இருந்த இடத்தில் ஓட்டினோம். அக்கா பெடலைத் தொட்டாள், டிராபார் உள்ளே போயிற்று, டிரெய்லர் சட்டென்று நின்றது! மறுபடியும் தொட்டாள், மறுபடியும் நின்றது! நான் கத்தின கத்தலில் பக்கத்துப் பிரிண்டிங் யூனிட்டிலிருந்து வடக்கத்திப் பையன்கள் ஓடிவந்து, விஷயம் தெரியாமலே கை தட்டினார்கள். குதித்த குதியில் அந்த ராடை ஒரு தடவை கையால் ஆட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"மேட்டுக்கே போயிரலாம் வா," என்று அக்கா வண்டியை ரோட்டுக்கு விட்டாள். நானும் ஃபிட்டரும் ஸ்கூட்டரில் தொடர்ந்தோம். கொஞ்ச தூரம் போவதற்குள் டிராக்டர் முக்கத் தொடங்கியது. அப்புறம் கருகல் நாற்றம். அப்புறம் டிரெய்லர் சக்கரத்திலிருந்து புகை. அக்கா ஓரம் கட்டினாள். சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன், அனல் அடித்தது.

மாமா பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். "சொன்னனில்ல," என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அக்கா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, குனிந்து டிரெய்லருக்கடியில் புகுந்துவிட்டேன்.

அங்கே படுத்தபடி ராடைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. முழுக்க இறுக்கியிருந்தது. ரோடெல்லாம் பிரேக் பிடித்தபடியேதான் வந்திருக்கிறது!

"அண்ணாச்சி!" என்று கத்தினேன். "ப்ளேன்னு வட்டம் போட்டிருந்தனே, என்ன பண்ணுனீங்க?"

அவரும் குனிந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் பெருமைதான் தெரிந்தது. "எடுத்துட்டம்லா மேடம். ஒரு துளி ஆட்டம் கிடையாது பாத்துக்கிடுங்க."

"எடுத்துட்டீங்களா? எதுக்கு?"

"நீங்கதானே வட்டம் போட்டிருந்தீய? நிட்டிங்ல சூப்பர்வைசர் ப்ளேன்னு எழுதி சிவப்புல வட்டம் போட்டா, கம்ப்ளைண்ட்டுல்லா? அத உடனே சரி பண்ணணும்லா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது, கோபமா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் திருப்பூரிலேயே கிடந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. இந்த ஊர்ப் பட்டறைகளில் சிவப்பு வட்டம் போட்டால் குறை என்றுதான் அர்த்தம். நான் கேட்டது இடைவெளி, அவர் படித்தது புகார். "அண்ணாச்சி, இது கொடுக்க வேண்டிய ஆட்டம்! எடுக்க வேண்டிய ஆட்டம் இல்ல!" என்றேன் தரையில் கிடந்தபடியே.

"ஆட்டத்தக் கொடுக்கணுமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சக்கரம் ஆறியதும் பட்டறைக்குத் திருப்பினோம். நல்லவேளை, பிரேக் ஷூவின் மேல்தோல்தான் கருகியிருந்தது. ஃபிட்டர் அதைத் தேய்த்துச் சரி செய்துவிட்டு, நட்டைத் தளர்த்தி அளவாக இடைவெளி விட்டார். விட்டாரே தவிர, அவர் கை கேட்கவில்லை. தளர்த்துவார், எழுந்து நடப்பார், திரும்பி வந்து பார்ப்பார். "இந்தக் கோலத்த என் பழைய கம்பெனில பாத்தாவன்னா என்னிய உள்ளயே விட மாட்டாவ," என்று புலம்பினார். அது நழுவாமல் இருக்க இரண்டாவது நட்டையும் போட்டு இறுக்கினார். பிறகு அதே ரோட்டில் அதே தூரம் ஓட்டிவிட்டு வந்தோம். சக்கரத்தில் கை வைத்தேன். சூடே இல்லை.

தேங்காய் போட்ட அன்று எல்லோரும் கணியூரில் இருந்தோம். மாமா முதலில் சம்மதிக்கவில்லை. புகையைப் பார்த்தவருக்கு நம்பிக்கை வருமா? அக்கா அவரிடம் கெஞ்சவில்லை, ஒரே வார்த்தையாகச் சொன்னாள். "மேட்டுலன்னு நீங்கதான சொன்னீங்க. இன்னும் மேட்டுக்கே போகலையே." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார்.

முதலில் காலி வண்டியாக இறக்கினோம். பிறகு பாதி லோடு. இரண்டு தடவையும் நின்றது. கடைசியில் முழு லோடு ஏற்றினார்கள். சரிவின் நடுவில் ஓரமாக மாமா ஒரு பெரிய கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி ஓடினால் சக்கரத்துக்கடியில் போடுவதற்காம். அவர் கண் அக்காவைவிட்டு அகலாததை அப்போதுதான் கவனித்தேன். இவரைப் போய் இத்தனை நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே என்றிருந்தது. ஃபிட்டர் ரிவர்ஸ் பின்னை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

அக்கா மேட்டின் உச்சிக்கு வந்தாள். டிராக்டரின் மூக்கு கீழே சரிந்தது. பின்னால் தேங்காய்க் குவியல் எழுந்து நின்று பார்ப்பது போல் தெரிந்தது. முருகா முருகா என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. வண்டி இறங்கியது. டிரெய்லர் தள்ள வந்தது, கண்ணால் பார்த்தேன், டிராபார் மெல்ல உள்ளே அமுங்கியது, ராடு தன் இடைவெளியைக் கடந்து விறைத்தது. வேகம் அடங்கியது. போன தடவை வண்டி திரும்பின அதே இடத்தில், சரிவின் பாதியில், அக்கா பெடலை முழுசாக மிதித்தாள்.

நின்றது. ஒரு தேங்காய்கூட உருளவில்லை.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஃபிட்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். மாமா மட்டும் கட்டையும் கையுமாக அசையாமல் நின்றார். அக்கா அவரைப் பார்த்து நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள். அவர் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போனார், கட்டையைக் கீழே போட்டார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"டிரைவருங்களா? நாந்தானுங்க. லோடு எடுக்க நீங்க வர வேண்டாமுங்க. இல்லீங்க, வேற ஒண்ணுமில்லீங்க. ஊட்டுலயே ஆளு இருக்குது."

அக்கா இன்ஜினை அணைத்தாள். சரிவின் பாதியில் அத்தனை பாரமும் அவளுக்குப் பின்னால் அப்படியே நின்றது. அவள் சாவகாசமாகச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஆளா?" என்றாள். "மறுக்கா போன் போட்டுச் சரியாச் சொல்லுங்க. ஊட்டுல டிரைவர் இருக்குதுன்னு."

மாமா என்னைப் பார்த்தார், ஃபிட்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் போன் போட்டார்.