மூன்று வெள்ளியும் ஒரு கேடயமும்

கேடயத்தை வாங்க எங்கள் கேப்டன் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு மேடைப் பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் வேறு பள்ளியின் பெயரைச் சொன்னார்கள்.

கல்வராயன் மலைமேல் இருந்த விடுதிப் பள்ளியில் அவள் பத்தாம் வகுப்பு, நான் எட்டாம் வகுப்பு. கள்ளக்குறிச்சியில் நடக்கும் போட்டிகளில் முதலிடத்துக்கு ஐந்து புள்ளி, இரண்டாமிடத்துக்கு மூன்று, மூன்றாமிடத்துக்கு ஒன்று என்பதுதான் வழக்கம். கூட்டிப் பார்த்து, அதிகம் பெற்ற பள்ளிக்குக் கேடயம். அந்தப் பள்ளியின் அணிதான் மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஓடிக் காட்டினால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், மேலே படிக்கலாம். கிடைக்காவிட்டால் அவளையும் மிளகு பறிக்கக் கேரளாவுக்குக் கூட்டிப்போவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

ஆயிரத்தைந்நூறு மீட்டர் மட்டும் ஓடியிருந்தால் தங்கம் அவளுக்குத்தான். ஆனால் பள்ளிக்குப் புள்ளி வேண்டுமே என்று நானூறும் எண்ணூறும் ஓடிவிட்டு, கால் நடுங்க அதையும் ஓடினாள். மூன்றிலும் வெள்ளி. நாங்களும் ஆளுக்கொரு வெண்கலம் சேர்த்தோம். புள்ளிக் கணக்கில் எங்கள் கிட்டே வர ஆளில்லை.

போட்டியை நடத்திய அதிகாரி கடைசி நேரத்தில் கணக்கையே மாற்றி, தங்கத்தை மட்டும் எண்ணிவிட்டார். கேடயத்தை நன்கொடையாகத் தந்த பணக்காரரின் பள்ளிக்குத்தான் தங்கம் அதிகம். வேறு பதக்கம் எதுவும் அதற்குக் கிடையாது. அக்கா நேரே அவரிடம் போனாள்.

“புள்ளிய கூட்டித்தான சார் குடுப்பாங்க?”

“ஒலிம்பிக்ல நாடுங்கள எப்படி வரிசை போடறாங்க? தங்கம் யாருக்கு ஜாஸ்தியோ அவன்தான் மேல. உலகமே ஒத்துக்கினத நீ இன்னா புதுசா கேக்கற?”

உலகமும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒலிம்பிக்கை நடத்துகிறவர்கள் அதிகாரபூர்வமாக நாடுகளை வரிசைப்படுத்துவதே கிடையாது, அது பத்திரிகைகள் போட்டுக்கொள்ளும் வரிசை என்று பிற்பாடு படித்தேன். மொத்தத்தைக் கூட்டி வரிசைப்படுத்துகிற பத்திரிகைகளும் உண்டாம். ஒரு பெண்ணின் படிப்பைப் பறிக்க அவருக்கு அந்த ஒரு வாய்ப்பேச்சு போதுமானதாக இருந்தது. அக்கா பரீட்சைகூட எழுதாமல் மிளகுத் தோட்டத்துக்குப் போனாள். இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

இப்போது கள்ளக்குறிச்சியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஒலிம்பிக்கின்போது அதே அதிகாரி ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தார். ஓய்வு பெற்று, நரைத்துப்போயிருந்தார். எனக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. செல்போனில் நாடுகளின் பதக்க வரிசையைக் காட்டிப் பொருமினார்.

“பாரும்மா, நாம எத்தினி மெடல் வாங்கிகினு இருக்கோம். ஒரே ஒரு தங்கம் வாங்கினவன் நமக்கு மேல குந்திக்கினு இருக்கான். அப்போ மத்த பசங்க ஓடினதெல்லாம் ஓட்டம் இல்லியா? இன்னா நியாயம் இது?”

நான் அக்காவுக்குப் போன் போட்டு, அவள் எடுத்ததும் அவரிடம் நீட்டினேன்.

“இப்ப சொன்னத அப்படியே இதுல சொல்லுங்க சார்.”

“யாரும்மா அது?”

“மூணு வெள்ளி வாங்கின பொண்ணு. மலைப் பள்ளிக்கூடத்து கேப்டன்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. நகலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கினார்.

“யாருடி லைன்ல? ஏன் பேச மாட்டேன்றாங்க?” என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.