மூடாத முழங்கால்

ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வாக்கில் மதுரையிலிருந்து போடிக்கு வரும் பஸ்சில் அவளைப் பார்த்தேன். எதிர் சீட்டில், ஐந்து வயசு மகளை மடியில் வைத்திருந்தாள். ஒடிசலான உடம்பு. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறவள், விரலெல்லாம் கறை.

பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. பஸ் குலுங்கும்போதெல்லாம் பாவாடை சரிந்து அதை மூடும். அவள் எங்கோ பார்த்தபடியே பாவாடையை மேலே இழுத்து விடுவாள். பக்கத்திலிருந்த பெண்மணி இரக்கப்பட்டுத் துணியை இறக்கிவிட்டார். இவள் மறுபடி ஏற்றினாள். நான் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே மொகத்தத் திருப்புறீக? நல்லாப் பாருங்க. பெரியாஸ்பத்திரியில படம் புடிச்சுப் பாத்துட்டாக. எலும்புக் கட்டிதேன், கெட்டது இல்ல. பிள்ள வளர்ற வரைக்கும் வளந்துட்டு நின்னுருமாம். வலிச்சாக் கூட்டிட்டு வரச் சொன்னாக. ஊர்ல என்னடான்னா சூடு போடுங்கிறாக, இல்லாட்டி மூடி வையிங்கிறாக. மூடி மூடி வச்சா இவளே பயந்து போவா. நான் மூட மாட்டேன்."

பிள்ளை இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே தெரிந்த என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, மாமாவுக்கு இல்லியா?"

அவள் சிரிக்கவில்லை. "எல்லாருக்குமா ஆத்தா இருக்கும்?" என்றாள்.

பிள்ளை என்னை 'ஐயோ பாவம்' என்பதுபோலப் பார்த்தது. போடியில் இறங்கும்வரை என் முழங்காலை வேட்டியால் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.