கத்தரி படாத போர்வை

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள் பன்னிரண்டு வருஷம் முகம் சுளிக்காமல் வாழ்ந்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அந்தத் தெருவும் நம்பவில்லைதான். இன்றைக்கு முட்டிக்கொள்ளும், நாளைக்கு முட்டிக்கொள்ளும் என்று காத்திருந்து அலுத்துப்போய், கடைசியில் ‘ஓரகத்தின்னா இப்படி இருக்கணும்’ என்று மற்ற வீட்டு மருமகள்களைக் குத்திக்காட்ட இவர்களை வைத்துக்கொண்டது.

இருவருக்கும் தொழில் ஒட்டுப்போர்வை. பல நிறத் துணிகளை நீளநீளப் பட்டைகளாக்கி, பக்கம் பக்கமாக இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பது. முன்னறையில் இளையவள் துணியைக் கிழித்து அடுக்குவாள். பின்னறையில் மூத்தவள் தைப்பாள். பஞ்சு பறந்து வீடெல்லாம் ஆகும் என்று பின்னறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

கிழிப்பது இளையவளுக்குக் கைவந்த கலை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் துணிக்கடையில் நின்றவள். ஓரத்தில் பல்லால் ஒரு கடி, இரண்டு கையாலும் ஒரு இழுப்பு; பர்ரென்று மறுகரை வரைக்கும் போய்விடும். கத்தரிக்கோல் என்றாலே அவளுக்கு இளக்காரம்.

“கத்தரி நம்ம கண்ணு போற பக்கம் போகும். கிழிச்சா இழை போற பக்கம் போகும். இழை பொய் சொல்லாது” என்பாள். போர்வை வாங்க வருகிறவர்களுக்கு அவளேதான் விரித்துக் காட்டுவாள். “கத்தரி படாத போர்வைங்க இது. வேற எங்கயும் கிடைக்காது” என்று சொல்லாமல் ஒன்றையும் கொடுத்ததில்லை. மூத்தவள் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். இளையவளின் கணவன் மட்டும் சாயங்காலம் வந்ததும், “நாள் பூரா உக்காந்து என்னத்தக் கிழிச்ச?” என்று வம்புக்கு இழுப்பான். “நாப்பது கஜம்” என்று அவளும் விடமாட்டாள்.

இளையவள் கல்யாணமாகி வந்தபோதே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தன் மகளின் பிரசவத்துக்காக மூத்தவள் ஒரு மாதம் வெளியூர் போனாள். ஒரு கடைக்குத் தர வேண்டிய போர்வை ஒன்று பாக்கி இருந்தது. “நான் வந்து தைச்சுக்கறேன். நீ மெஷின்ல உக்காராத” என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

இளையவளுக்குச் சுருக்கென்றது. நேர்த்தையல் போடத் தெரியாதவளா நான்? பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது, மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

முப்பது பட்டைகளையும் இணைத்துக் கட்டிலில் விரித்தபோது, மழையில் நனைந்து காய்ந்த அட்டை மாதிரி நெளிநெளியாகக் கிடந்தது. போதாக்குறைக்குக் கட்டிலைத் தாண்டித் தரையில் வழிந்தது. தையலைப் பிரித்து மறுபடி தைத்தாள். மறுபடியும் அதே கூத்து. பீரோவிலிருந்து மூத்தவள் தைத்த பழைய போர்வை ஒன்றை எடுத்து டேப்பை வைத்தாள். மூத்தவள் எப்போதும் கேட்டு வாங்குவது மூன்றரை அங்குலப் பட்டை. தையலுக்குள் பக்கத்துக்குக் கால் அங்குலம் போனால் மிச்சம் மூன்று இருக்க வேண்டும். பழைய போர்வையில் இருந்தது இரண்டரை. இன்னொரு பட்டையை அளந்தாள். அதுவும் இரண்டரை.

அரை அங்குலம் எங்கே போயிற்று?

முன்னறைக்கு வந்து தன் குட்டி மெத்தையில் உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்து கிழிக்கிறவளுக்கு இடுப்பு வலிக்குமே என்று மூத்தவள் தைத்துக் கொடுத்த மெத்தை அது. அமுங்க அமுங்கப் பிரித்து அடைத்தும் கொடுப்பாள். அதன் மூலையில் தையல் விட்டு ஏதோ நூல் தொங்கியது. இழுத்தாள். நூல் இல்லை, மெல்லிய துணி நாடா. ஒரு பக்கம் பிசிறு. மறுபக்கம் கத்தியால் சீவியது போலச் சுத்தமாக வெட்டியிருந்தது. போன மாதம் அவள் கிழித்த மஞ்சள் பூத்துணி. அடுத்து நீலம். அடுத்து கோடு போட்டது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கிழித்தால் நேராகத்தான் வரும். ஆனால் இழுபட்ட ஓரம் தளர்ந்துவிடும். துணிக்கடையில் வாங்கிப்போன எவரும் அதற்காகத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. முப்பது பட்டை பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது ஊருக்கே தெரியும். சாத்திய கதவுக்குப் பின்னால் அந்த ஓரங்களையெல்லாம் ஒருத்தி பக்கத்துக்குக் கால் அங்குலம் வெட்டி எடுத்து, எடுத்ததை இவளுக்கே மெத்தையாக்கிப் போட்டிருக்கிறாள். அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

சாயங்காலம் கணவன் முன்னால் அந்த நாடாக் குவியலைக் கொட்டினாள். அவன் வம்புக்கு இழுக்கவில்லை.

“உனக்கும் தெரியுமா?”

“மாசாமாசம் அண்ணியோட கத்தரிக்கோலை நான்தான சாணை பிடிக்க எடுத்துட்டுப் போறேன்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்புறம் மூத்தவள் வரும்வரை அவள் ஒரு முழம் துணிகூடக் கிழிக்கவில்லை.

மூத்தவள் வந்து பையை இறக்கினாள். பேத்தியின் முடியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், பிரிந்து கிடந்த மெத்தையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

“மொத நாளே சொல்லத்தான் வந்தேன்” என்றாள். “நீ கிழிச்சதைக் கையில வச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்ச. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள் முடியல. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்…”

“வெட்டினதுகூடப் போகட்டும்க்கா. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் கத்தரி படாத போர்வைன்னு பெருமை அடிச்சேனே, அப்ப பக்கத்துல நின்னு தலையாட்டினீங்களே. அதுக்கு என்ன சொல்றீங்க?”

இளையவள் எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்து, அது சாத்தாதபடி ஸ்டூலை முட்டுக்கொடுத்தாள். ஒரு துணியை எடுத்துப் பல்லால் கடித்து, பர்ரென்று கிழித்து மேஜைமேல் போட்டாள்.

“வெட்டுங்க. என் கண்ணு முன்னாடி வெட்டுங்க.”

மூத்தவள் கத்தரிக்கோலை எடுத்தாள். ஓரத்தில் பட்டும் படாமலும் ஒரு சீவு சீவி, “போதும், நல்லாத்தான் இருக்கு” என்று கீழே வைத்தாள்.

இளையவள் டேப்பை வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் பொய்யா?” என்றாள். “கால் அங்குலத்துக்கு இன்னும் பாதி இருக்கு. வெட்டுங்க.”