பன்னிரண்டரை மணி மருந்து

ஜெயலக்ஷ்மி மாமி நிவேத்தியத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரு ஆழாக்குப் பச்சரிசிக்கு மூன்று தண்ணீர் போதும். அவள் ஏழாவது தண்ணீர் மாற்றியதைக் கூடத்திலிருந்து எண்ணினேன். இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கி, அரிசியைத் தொடாமல் தண்ணீருக்குள் சும்மா வைத்திருந்தாள். உள்ளங்கை அரிப்பு குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிஷம் அடங்கும்.

இரண்டாயிரத்து மூன்றில், வலியசாலை அக்கிரகாரத்தில் அந்த வீட்டுக்கு நான் ஹோம் நர்ஸாகப் போனது மாமிக்காக அல்ல. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த அவளுடைய மாமியாருக்காக. எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. கழுவுவது, துடைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது என் வேலை. நான் வேதக்காரி, கிறிஸ்தவள், என்பதால் அடுக்களைப் படியைத் தாண்டுவதில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. நோயாளி கூடத்தில்தான் கிடந்தாள்.

மாமிக்கு நாற்பத்தெட்டு வயது. ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும் நோய் அவளுக்கு. பித்தம் இறங்க வழியில்லாமல் தேங்கி ரத்தத்தில் ஏறும், தோல் அரிக்கும். இது தொற்றாது. ஆனால் ராத்திரி முழுக்கச் சொறிபவளின் பக்கத்தில் யாரும் தூங்க முடியாது. அதனால் அவள் பின்னறைக்குப் போய், வெறும் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று பாயில்லாமல் படுத்தாள். கணவர் சாம்பசிவனுக்கு மின்சார வாரிய ஆபீஸில் வேலை. அவர் ஆபீஸிலிருந்து திரும்பும் நேரத்துக்கு முன்பே மாமி முழுக்கை ரவிக்கைக்கு மாறிவிடுவாள், கையிலுள்ள கீறல்கள் தெரியாமலிருக்க.

ஒரு மத்தியானம் அவள் முதுகுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அவர் பக்கத்துல படுத்துப் பதினொரு மாசம் ஆறது, சரோஜம். முன்னெல்லாம் அந்தக் குறட்டைக்கு என்னமா திட்டுவேன். இப்போ அதைக் கேக்கணும் போல இருக்கு."

டப்பாவிலிருந்து மருந்தை விரலில் எடுத்தேன். முதுகில் இன்னும் பாதி மிச்சமிருந்தது.

டாக்டர் அவளுக்கு இரண்டு மருந்து கொடுத்திருந்தார். மாத்திரை ஈரலுக்கு, பொடி அரிப்புக்கு. ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் இறங்க வேண்டும். பதினொரு மாதமாக அது நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த மாதமும் இறங்காவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஈரலை மாற்றும் பெரிய சிகிச்சை பற்றித்தான் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அவர் கேட்டபோதெல்லாம் ஒரு வேளைகூட விட்டதில்லை என்று மாமி சொல்லியிருக்கிறாள். அது பொய்யல்ல.

நான் போன மூன்றாவது வாரம்தான் அவள் மருந்து சாப்பிடுவதைப் பார்த்தேன். அந்த வீட்டில் கடுமையான மடி ஆசாரம். விடியுமுன் குளித்து ஈரப் புடவை உடுத்தினால், நிவேத்தியம் முடியும் வரை வாயில் ஒன்றும் போடக்கூடாது. மருந்து இருந்தது கூடத்து ஃப்ரிட்ஜின் மேலே. அதைத் தொட்டால் மடி போய்விடும். சாயங்காலம் மறுபடி குளியல், மறுபடி விளக்கு; ராத்திரி மாத்திரை விட்டுப்போகுமோ என்று பயம். அதனால் மாமி எல்லாவற்றையும் ஒரே வேளையாக்கியிருந்தாள். பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டதும் அன்றைய பொடி முழுவதையும் தண்ணீரில் கரைத்து, காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை இரண்டையும் அதே தண்ணீரில் விழுங்கினாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்று சாயங்காலம் பழவங்காடிக்குப் போய், அங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் தாசையனைக் கேட்டேன்.

"யக்கா, அந்தப் பொடி எதுக்காக்கும்? குடல்ல பித்தத்தப் பிடிச்சு வெளிய கொண்டுபோவ. மாத்திரையும் பித்தந்தானே. ரெண்டையும் ஒண்ணாக் குடுத்தா, பொடி மாத்திரையையும் பிடிச்சோண்டு போவும்."

ஒரு காகிதத்தில் அறுகோணங்களாக வரைந்து காட்டினான். நம் ஈரல் கொலஸ்ட்ராலை மாற்றித்தான் பித்த அமிலம் செய்கிறது. சோப்பைப் போலக் கொழுப்பைக் கரைக்கும் சரக்கு அது. தேங்கி நின்றால் ஈரலையே அரிக்கும். மாத்திரையில் இருப்பது உர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம். உர்சோ என்பது லத்தீனில் கரடியைக் குறிக்கும்; கரடியின் பித்தத்தில் முதலில் கண்ட பொருள் என்பதால் அந்தப் பெயர். நம் பித்தத்தில் இருக்கும் ஒரு அமிலத்துக்கும் அதற்கும் அணு எண்ணிக்கையில் வித்தியாசமே கிடையாது. ஏழாவது கரி அணுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கை ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். அதிலேயே கடுமை போய்ச் சாதுவாகிவிடுகிறது. தினமும் உள்ளே போனால் ஈரல் கெடுவது மெதுவாகும். பித்தப்பையில் இருக்கும் சிறிய கொழுப்புக் கற்களையும் சிலருக்கு இது கரைக்கும் என்றான். மாமிக்குக் கல் இல்லை. அதனால் அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து மணி நேரமாவது வேண்டும், டாக்டரும் அப்படித்தான் எழுதியிருப்பார், சீட்டைப் பார் என்றான்.

மறுநாள் சீட்டைப் பார்த்தேன். அப்படியேதான் எழுதியிருந்தது. மத்தியானம் மாமியை உட்காரவைத்து, தாசையன் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது வேறு. "கரடியைக் கொன்னா பண்றா?"

இல்லை என்றேன். இப்போது மாட்டுப் பித்தத்தை எடுத்துக் கம்பெனியில் மாற்றிச் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். நோயாளி கேட்டால் மறைக்கக்கூடாது என்பது எங்களுக்குக் கற்றுத்தந்த பாடம்.

உள்ளங்கையைப் புடவை முந்தானையில் தேய்த்தாள்.

"பதினொரு மாசம் மாட்டுப் பித்தத்தை முழுங்கியிருக்கேன். அதுவும் தண்டமாவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், கண் கலங்கிக்கொண்டே. பிறகு காலை மாத்திரை எப்போது என்று கேட்டாள். ஏழரைக்கு, வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும் என்றேன். பொடி பகல் ஒரு மணிக்கு, ராத்திரி மாத்திரை எட்டுக்கு. அரிப்பு நாளைக்கே போய்விடாது, போகுமென்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்; ஆனால் மருந்துக்கு இதுவரை ஒரு நாள்கூட வாய்ப்புக் கொடுக்கவில்லை என்றேன்.

சாம்பசிவன் ஆபீஸிலிருந்து வந்தபோது அவள் ரவிக்கை மாற்றியிருக்கவில்லை. அரைக் கையோடு வாசற்படியில் நின்றாள்.

"நாளைலேர்ந்து நிவேத்தியம் நீங்க பண்ணணும். என்னால காலம்பற மடி முடியாது."

"எனக்கு சாதம் வடிக்கத் தெரியாதேடி."

"கத்துக்கோங்கோ. எனக்குக் கிடைச்சது இந்த ஒரு மாசம்தான்."

கட்டிலில் கிடந்த மாமியார், "அவன் வடிச்சதை சுவாமி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்" என்றாள். சாம்பசிவன் மனைவியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முழங்கையிலிருந்து விரல் வரை. அவ்வளவு கீறல் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் குளித்து, ஈர வேட்டியோடு அடுக்களைக்குள் போனார். எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று உள்ளேயிருந்து கேட்டார். மாமி குளிக்காமல், கூடத்துப் பாயில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தாள். ஏழரைக்கு இரண்டு இட்டிலி தின்று மாத்திரையை விழுங்கினாள். சாதம் அடிப்பிடித்த வாசனை வந்தது. பூஜை மணி அடித்தது. அவர் வெளியே வந்து, பாயின் மறுகோடியில் உட்காராமல் அவள் தோளருகே உட்கார்ந்தார். அவள் நகரவில்லை. நான் மாமியாரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்குப் பவுடர் போட்டேன்.